மார்பில் கட்டியும் மானக் கூப்பாடும்

ஆடிப்பெருக்கன்று ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்திற்குப் போய்ப் பாருங்கள். ஈரச் சேலையுடன் ஏராளமான பெண்கள். கரை நெடுக ஆண்கள். அங்கே போகாத மானம், மார்பிலுள்ள கட்டியைத் திருச்சி பெரியாஸ்பத்திரி டாக்டரிடம் காட்டினால் மாத்திரம் போய்விடுமாம்! இது என்ன மானம் என்று கேட்கின்றோம்.

இந்நாட்டுப் பெண்களை இன்று அதிகமாகப் பிடிக்கும் புற்றுநோய் மார்புப் புற்றுநோயே யாகும். ஆரம்பத்தில் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியில்லையென்று சும்மா இருந்துவிட்டு, பெருத்த பிறகு சமயபுரத்திற்கு நேர்ந்துகொண்டு, வெள்ளித் தகட்டில் உறுப்பு வாங்கி உண்டியலில் போடுகிறார்கள். உண்டியல் நிறைகிறது; கட்டி கரைகிறதா?

நிற்க, கையால் தடவிப் பார்ப்பதில் என்ன பலன் என்பார்கள். பம்பாய் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியார் 1998-இல் சுமார் 1½ லட்சம் பெண்களைக் கொண்டு இதைச் சோதிக்கத் தொடங்கினார்கள். ஒரு பாதியாரைப் பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள், டாக்டர்கள்கூட அல்ல, இரண்டாண்டுக்கு ஒரு தரம் பார்த்துவந்தார்கள். 2021-இல் வெளியான முடிவுப்படி 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் இந்நோய்ச் சாவு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. இளையவர்களிடம் அப்பலன் தெரியவில்லை; அதை நாம் மறைக்கவில்லை. எந்தத் தல புராணமாவது தன் தோல்வியை எழுதி வைத்ததுண்டா?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954-இல் அடையாற்றில் ஆஸ்பத்திரியே கண்டார். இன்று 30 வயதான பெண்ணுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இச்சோதனை இலவசம். சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் அவளுக்கு டிக்கெட்டும் கிடையாது. அப்படியிருக்க, அவளைப் போகவிடாமல் வாசலை மறித்துக்கொண்டு நிற்பது யார், தோழரே?