மிளகு போனது, வாசம் இருக்கிறது

பகலில் விளக்கேற்றி நடக்கும் உரிமை. பல்லக்கு, குடை, முரசு, எக்காளம். சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் சுமார் 1000ஆம் ஆண்டில் ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகருக்கு இப்படி 72 உரிமைகளைச் செப்பேட்டில் எழுதிக் கொடுத்தார். எழுத்து, வட்டெழுத்து. தமிழ்க் கல்வெட்டுகளில் வணிகக் குழுவின் பெயராக வரும் 'அஞ்சுவண்ணம்' இதிலும் உண்டு. இங்கிலாந்தின் சிற்றூர்கள் பலவும் சந்தை கூட்ட அரசரிடம் சாசனம் வாங்கியது இதற்குப் பின்னால்தான்.

செப்பேடு பிறந்தது கொடுங்கல்லூர்ப் பக்கம். 1341இல் பெரியாற்று வெள்ளம் அந்தத் துறைமுகத்தைத் தூர்த்து, கொச்சிக்குக் கடல்வழி திறந்துவிட்டது என்பார்கள். வணிகம் தெற்கே நகர்ந்தது, பின்னாலேயே வணிகர்களும். யூதர்களுக்குக் கொச்சி ராஜா தந்த இடம், மட்டாஞ்சேரியில் தன் அரண்மனையை ஒட்டியே இருந்தது. 1568இல் பரதேசி ஜெப ஆலயம் எழுந்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் பகவதி கோயில். 1662இல் போர்ச்சுகீசியர் ஆலயத்துக்குத் தீ வைத்தனர். மறு ஆண்டே டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தார்கள், ஆலயமும் பிழைத்தது. தரையில் பதித்த நீல, வெள்ளைச் சீன ஓடுகளும் மணிக்கூண்டும் 18ஆம் நூற்றாண்டுச் செழிப்பின் அடையாளங்கள்.

யூதர்கள் மட்டுமல்ல. கொங்கணியர், குஜராத்திகள், கச்சி மேமன்கள், தமிழர்கள் என்று பலரையும் இந்தத் தெருக்களுக்கு இழுத்தது மிளகு, ஏலம், சுக்கு. 1957இல் தொடங்கிய மிளகு வணிகர் சங்கத்தின் முன்பேரச் சந்தையில் தரகர்கள் தொண்டை கிழியக் கத்தித்தான் விலை பேசினார்கள். கணினி வந்தது, கூச்சல் அடங்கியது.

1948இல் இஸ்ரேல் பிறந்தபின் யூதர்களும் கப்பலேறத் தொடங்கினார்கள். கூட்டு வழிபாட்டுக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும் என்பது அவர்கள் மரபு. அந்தப் பத்துப் பேர் இன்று உள்ளூரில் இல்லை. சுற்றுலாப் பயணிகளுக்குக் குறைவில்லை.

யூதத் தெருவின் பழைய கிடங்குகளில் பலவும் இப்போது கலைப்பொருள் கடைகள், காபிக் கடைகள். 2012இல் தொடங்கிய பினாலே கண்காட்சி வேறு சில கிடங்குகளுக்கு உயிர் கொடுத்தது. கட்டடங்கள் பிழைக்க இதுவும் ஒரு வழி. ஆனால் இந்த ஊரை உருவாக்கியவை கட்டடங்கள் அல்ல. வந்தவருக்கு இடமும் உரிமையும் கொடுத்த ஏற்பாடு. ஓடு உடைந்தால் வேறு ஓடு பதிக்கலாம். பல மொழிக்காரர்கள் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் உட்கார்ந்து மூட்டைக்கு விலை பேசிய பழக்கத்தை எந்தத் தொல்லியல் துறையாலும் புதுப்பிக்க முடியாது. மிச்சமிருக்கும் சில மொத்தக் கடைகளில் இன்றும் சுக்கு மணக்கிறது. மட்டாஞ்சேரியில் முதலில் காப்பாற்ற வேண்டிய பாரம்பரியச் சின்னம் அந்தக் கடைகள்தான்.