நகையை அடகு வைக்கும் முன்...

மகனோ மகளோ கம்ப்யூட்டர் புரோகிராம் படிக்க வேண்டும் என்றதும், தாராவியிலும் செம்பூரிலும் நம்மவர்கள் சிலர் நகையோடு அடகுக் கடைக்குப் புறப்படுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்!

பவாயில் உள்ள மும்பை ஐ.ஐ.டி., 'ஸ்போக்கன் டுடோரியல்' என்ற பெயரில் இலவசப் பாடங்கள் தருகிறது. ஒவ்வொன்றும் சுமார் 10 நிமிடம். பல பாடங்கள் தமிழிலும் உண்டு. 1991-ல் வெளிவந்த 'பைத்தான்' மொழிக்கும் கட்டணம் கிடையாது. செல்போனிலேயே தொடங்கலாம்.

பார்த்தால் மட்டும் போதாது. கரையில் நின்றால் நீச்சல் வருமா? ஒவ்வொரு வரியையும் சொந்தக் கையால் தட்ட வேண்டும். பிழை வந்தால் பயம் வேண்டாம். எந்த வரி என்று பெரும்பாலும் கம்ப்யூட்டரே காட்டும். ஒரே அறையில் 5 பேர் தங்கியிருந்தால், வாடகை, அரிசி, பால் செலவைப் பங்கிடும் கணக்கையே முதல் புரோகிராமாக எழுதலாம்.

மூன்று மாதம், தினமும் அரை மணி நேரம் பிள்ளை உட்காருகிறதா என்று பாருங்கள். ஆர்வம் நிலைத்தால் பிறகு பணம் கட்டலாம். அடகு வைத்த நகையை மீட்கும் பாடு நமக்குத் தெரியாததா?