நீரகம் என்றால் நாத் தேய்ந்துவிடுமா?

அணுவையும் தனிமங்களையும் தமிழில் கற்பிக்க ஒண்ணாது என்று கூறித் திரியும் மெத்தப் படித்த கூட்டம் ஒன்று இந்நாட்டில் இன்னும் இருந்துவருகின்றது. ஔவை அணுவைப் பாடினாள் என்று மேடைதோறும் முழங்குவோரும் அக்கூட்டத்தில் உளர்! பாட்டில் அணு வேண்டும்; பள்ளியில் மட்டும் வேண்டா போலும்!

தமிழ்வழிப் பாடநூலைப் புரட்டிப் பாருங்கள். புரோட்டான், நியூட்ரான், எலக்ட்ரான்! எழுத்துத்தான் தமிழ். மாணாக்கன் இம்மூன்றையும் நெட்டுருப் போடுகின்றான். எது கருவினுள் உள்ளது, எது புறத்தே இயங்குவது என்பதில் தடுமாறுகின்றான். குற்றம் அவன் மேலதன்று. நேர்மின்னி, எதிர்மின்னி, நொதுமி என்று சொல்லிப் பாருங்கள். ஒன்றன் மின்னேற்றம் நேர். மற்றதன் ஏற்றம் எதிர். மூன்றாவது எப்பக்கமும் சாராதது. நட்பும் பகையும் அற்ற அயலாரை நொதுமலர் என்றனர் நம் முன்னோர். சாடுவிக்கு 1932-இல் கண்ட துகளுக்கு இதனினும் பொருந்திய சொல் எம்மொழியில் உண்டு?

கருவில் நேர்மின்னி எத்துணையோ அத்துணையே அணுவெண். நீரகத்திற்கு 1, கரியகத்திற்கு 6, உயிரகத்திற்கு 8. எதிர்மின்னிகள் அடுக்கடுக்காய் அமைவன. இலித்தியத்தில் 2, 1. சோடியத்தில் 2, 8, 1. பொட்டாசியத்தில் 2, 8, 8, 1. மூன்றிற்கும் வெளியடுக்கில் ஒன்றே. ஆகவே மூன்றும் நீரோடு சீறும் ஒரே குடியின. இயல்பு இவ்வாறு மீண்டும் மீண்டும் வருவதால் அது மீள்வரிசைப் பட்டியல். இதனை ‘ஆவர்த்தன அட்டவணை’ என்று நெடுநாள் எழுதிவந்தனரே, எந்தச் சிற்றூர்ப் பிள்ளைக்கு அது விளங்கிற்று?

‘உலகம் ஒப்புமா?’ என்பர். செருமானியன் நீரகத்தை ‘வாசர்சுடோப்’ என்கின்றான்; நீர்ப்பொருள் என்பதே அதன் பொருள். சப்பானியன் ‘சூயிசோ’ என்கின்றான். அதிலும் நீரே உள்ளது. ஐதரசன் என்பதுதான் என்ன? நீரை ஈனுவது என்னும் கிரேக்கம்! ‘குறியீடு குழம்புமே’ என்பர். இரும்பை ‘அயர்ன்’ எனப் பேசும் ஆங்கிலேயன் அதற்கு எழுதும் குறியீடு ‘பெர்ரம்’ என்னும் இலத்தீனத்திலிருந்து வந்தது. அவன் குழம்பினானா?

1869-இல் 63 தனிமங்களே அறியப்பட்டிருந்தன. அவற்றை வரிசைப்படுத்திய மெண்டலீவு, 1871-இல் இன்னும் கண்டறியப்படாத மூன்றின் இயல்பை முன்னுரைத்து, அவற்றின் பெயருக்கு முன் ‘ஏகா’ என்னும் வடசொல்லை ஒட்டினார். இதனைச் சொல்லிச் சொல்லி மகிழ்வோர் நம்மிடையே உண்டு. அவ்வொட்டு நிலைத்ததா? 1875-இல் கண்ட பிரெஞ்சுக்காரர் தம் நாட்டின் இலத்தீனப் பெயரால் கல்லியம் என்றார். 1879-இல் சுவீடன் நாட்டார் இசுக்காண்டியம் என்றார். 1886-இல் செருமானியர் செருமானியம் என்றார். அவரவர்க்கு அவரவர் மண்! 1898-இல் மேரி கியூரியும் அவர் கணவரும் புதிய தனிமம் ஒன்றைக் கண்டபோது போலந்து மூன்று பேரரசுகளால் கூறுபோடப்பட்டுக் கிடந்தது. நிலப்படத்தில் தனிநாடாக இல்லாத தாய்நாட்டின் பெயரைத்தான் பொலோனியம் எனப் பட்டியலில் எழுதினார் அப்பெண்மணி.

நாம் கேட்பது புதுத் தனிமமன்று. பாடநூலின் அடுத்த பதிப்பில் நேர்மின்னியும் நீரகமும் உயிரகமும் முதற்சொல்லாய் நிற்கட்டும். அயற்பெயர் பிறைக்குறிக்குள் அடங்கட்டும். இதனைத் தமிழாசிரியர் மட்டும் கேட்டால் போதாது; வேதியியல் ஆசிரியரே முன்னின்று கேட்டல் வேண்டும்.