உது எங்கே போச்சு?

தமிழ்நாட்டு ஆறாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் சுட்டெழுத்து பற்றி ஒரு பாடம் உண்டு. அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்துகள், ஆனால் 'உ' இன்று சுட்டாகப் பயன்படுவதில்லை என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். பிள்ளைகளும் மனப்பாடம் செய்து, எழுதி, மார்க் வாங்கி, மறந்துவிடுகிறார்கள்.

சரி... யார் பயன்படுத்துவதில்லை?

கோடம்பாக்கத்திலிருந்து ஒருவர் யாழ்ப்பாணத்துக்கு ஃபோன் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் "அங்க மழையா?" என்று கேட்பார். யாழ்ப்பாணத்துக்காரர் திருப்பிக் கேட்டால் "உங்கை மழையோ?" என்பார். உங்கை என்றால் நீங்கள் இருக்கும் இடத்தில். சென்னைக் காதுக்கு அது 'உங்க' என்று விழும், அரை வாக்கியம் காணவில்லையே என்று தோன்றும்!

இது, உது, அது. இவன், உவன், அவன். இந்த, உந்த, அந்த. பேசுபவர் கையில் இருப்பது இது, கேட்பவர் பக்கம் இருப்பது உது, இரண்டு பேருக்கும் தள்ளி மேம்பாலத்துக்கு அந்தப் பக்கம் தெரிவது அது. எவ்வளவு சுத்தமான கணக்கு! சென்னைக்காரர் இரண்டே சொல்லை வைத்துக்கொண்டு விரலை நீட்டிச் சமாளிக்கிறார். ஃபோனில் விரல் தெரியாதே...

ஜப்பானிய மொழியில் கொரே, சொரே, அரே என்று இதே மூன்று உண்டு. சென்னையில் ஜப்பானிய வகுப்புக்குப் போகிறவர்கள் 'சொரே'வுக்குத் தமிழில் சொல் இல்லை என்று நினைத்துத் திணறுகிறார்கள். இருக்கிறது ஐயா, உது!

இங்கிலீஷிலும் திஸ், தட் தவிர 'யாண்' என்று மூன்றாவது ஒன்று இருந்தது. பொது வழக்கில் போய்விட்டது, ஸ்காட்லாந்தில் இன்னும் இருக்கிறது. அகராதிக்காரர்கள் பழவழக்கு, வட்டார வழக்கு என்று குறித்து வைத்தார்கள். ஆளில்லை என்று கதவைச் சாத்தவில்லை.

சில மேதாவிகள் உடனே கிளம்புவார்கள். சிங்களத்திலும் கேட்பவர் பக்கத்தைச் சுட்ட 'ஓய' என்று தனிச்சொல் இருக்கிறதே, அங்கிருந்து ஒட்டிக்கொண்டதுதான் 'உது' என்பார்கள். தொல்காப்பியமும் நன்னூலும் உகரத்தைச் சுட்டில் சேர்த்துத்தான் எண்ணுகின்றன. பக்கத்து மொழி அதைக் காப்பாற்ற உதவியிருக்கலாம். ஆனால் சொத்து தமிழின் சொந்தச் சொத்து.

கோடம்பாக்கத்து சினிமா இதில் என்ன செய்தது? 2000இல் 'தெனாலி', 2002இல் 'கன்னத்தில் முத்தமிட்டால்', 2025இல் 'டூரிஸ்ட் ஃபேமிலி' என்று இலங்கைத் தமிழர் திரையில் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். ஆனால் இங்குள்ள ரசிகர் காதில் தங்கியது என்ன? 'கதைக்கிறது', 'ஓம்', கொஞ்சம் ராகம். மிமிக்ரி செய்து சிரிக்க அது போதும். அந்தப் பேச்சுக்குள் தமிழ்நாடு தொலைத்த இலக்கணம் உயிரோடு இருப்பதைச் சொல்ல யாருக்கும் நேரமில்லை.

இது வெறும் இலக்கணச் சண்டை இல்லை. 1983க்குப் பிறகு அகதிகளாக வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தமிழ்நாட்டுப் பள்ளிகளில்தான் படிக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி முகாமில் இருக்கும் பிள்ளைக்கும் இதே புத்தகம்தான். வீட்டில் அம்மம்மா "உதை எடு" என்கிறார். புத்தகம் அப்படி ஒரு வழக்கே இல்லை என்கிறது. பரீட்சையில் பிள்ளை எதை எழுதும்? அம்மம்மா பேசுவது தமிழில்லை என்று தன் கையாலேயே எழுதி மார்க் வாங்கும்!

கிடங்கில் சரக்கு இருக்கும்போதே இருப்பு பூஜ்யம் என்று எழுதினால் அதற்குப் பெயர் பொய்க்கணக்கு. திருத்த ஒரே ஒரு வரி போதும்: 'உ' தமிழ்நாட்டுப் பேச்சில் இல்லை, இலங்கைத் தமிழில் இருக்கிறது.

உலகத் தமிழ் மாநாடு நடத்தும் ஊருக்கு இந்த ஒரு வரி என்ன பெரிய செலவா?