புகைபோக்கியும் சமஷ்டியும்

சமஷ்டி என்ற சொல் காதில் விழுந்த மாத்திரத்திலே நாடு துண்டாடப்படப் போகின்றதென்று கூக்குரலிடுவோர் இந்நாட்டில் இன்றும் உளர். ஐக்கிய அமெரிக்காவில் ஆலையொன்றின் புகைபோக்கிக்கு அனுமதிப்பத்திரம் வழங்கப்படும் முறையை அவர்கள் சற்றே ஆராய்வார்களாக.

அந்நாட்டின் காங்கிரஸ் 1970ஆம் ஆண்டு தூய காற்றுச் சட்டத்தைப் பெரிதும் விரித்தமைத்தது. 1990ஆம் ஆண்டுத் திருத்தம், பெரிய ஆலை ஒவ்வொன்றும் இயக்க அனுமதிப்பத்திரம் பெறவேண்டுமென விதித்தது. அதனை வழங்குவது பெரும்பாலும் மாநிலமே. ஆனால் மாநிலத்தின் விதிகளை மத்திய அரசின் சூழற் பாதுகாப்பு நிறுவனம் முதலில் அங்கீகரிக்க வேண்டும். பத்திரத்தின் ஆயுள் 5 ஆண்டுகளுக்கு மேற்படலாகாது. பொதுமக்கள் கருத்துரைக்க 30 நாட்கள். மத்திய நிறுவனம் ஆட்சேபிக்க 45 நாட்கள். அது வாளாவிருப்பின் குடிமக்கள் அந்நிறுவனத்திடம் மனுச்செய்ய மேலும் 60 நாட்கள். மாநிலம் இதனினும் கடுமையான விதி செய்யலாம். தளர்ந்த விதி செய்யலாகாது. இணங்க மறுக்கும் மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியின் ஒரு பகுதி நிறுத்தப்படலாம். ஈற்றில் மத்திய அரசே அனுமதிப்பணியை நடத்தும்.

இவ்வேற்பாடு பூசலின்றி நடந்ததென யாம் கூறவில்லை. வேர்ஜீனியா மாநிலம் தான் வழங்கும் பத்திரத்தை நீதிமன்றத்தில் எதிர்க்கும் உரிமையைப் பணநலன் உடையோருக்கு மாத்திரமே அளித்தது. அப்புகையைச் சுவாசித்து இருமுகின்றவன், தன் பணப்பைக்கு நட்டமில்லையேல் நீதிமன்ற வாயிலில் நிற்கவேண்டியவனே. மத்திய நிறுவனம் அத்திட்டத்தை நிராகரித்தது. இறைமையுடைய மாநிலத்தின் நீதிமன்றக் கதவை எவர்க்குத் திறப்பதென்று கூற மத்திக்கு என்ன அதிகாரம் என மாநிலம் வழக்காடிற்று. நான்காம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் 1996இல் அவ்வாதத்தை ஏற்கவில்லை. மத்திய அரசு மாநிலத்தைச் சட்டமியற்றுமாறு ஆணையிடவில்லை, தெரிவை அதனிடமே விட்டிருக்கின்றது என்பது தீர்ப்பின் சாரம். பின்னர் வேர்ஜீனியா தன் சட்டத்தைத் திருத்திக்கொண்டது.

அடுத்த வழக்கில் தோற்றது மத்திய நிறுவனம். ரெக்சாஸ் மாநிலம் 1994இல் ஒரு விதி செய்தது. ஆலையின் ஒவ்வொரு புகைவாய்க்கும் தனித்தனி வரம்பு வையாது, முழு ஆலைக்கும் ஒரே உச்சவரம்பு வைப்பது அதன் நோக்கம். 18 மாதங்களில் முடிவு கூறவேண்டிய மத்திய நிறுவனம் 2010 வரை இழுத்தடித்துப் பின் நிராகரித்தது. ஐந்தாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் 2012இல் அந்நிராகரிப்பை விலக்கியது. நிறுவனம் காட்டிய குறைகள் காங்கிரஸ் இயற்றிய சட்டத்தில் வேரூன்றியவையல்ல என்றே நீதியரசர் மூவருள் இருவர் கண்டனர். ரெக்சாஸ் விதி நல்ல விதியென்று யாம் வாதாடவில்லை. எக்குழாய் எவ்வளவு கக்குகின்றதென்பதை மறைக்க அது உதவுமென அஞ்சியோரின் அச்சம் நியாயமானதே. ஆயினும் சட்டத்தில் இல்லாத நிபந்தனையை மத்திய உத்தியோகத்தர் தம் விருப்பப்படி புகுத்தலாகாது என்ற தீர்ப்பு சரியானது.

இரு வழக்கிலும் நாடு பிளந்துவிடவில்லை. மத்தியும் மாநிலமும் ஒரே சட்டவாசகத்தின் முன்னிலையில் வாதாடின. ஒருமுறை ஒன்று வென்றது, மறுமுறை மற்றது வென்றது.

இலங்கையின் நிலை என்ன? 1987இன் பதின்மூன்றாவது திருத்தம், மாகாணத்தினுள் சூழலைப் பாதுகாக்கும் அதிகாரத்தை மாகாணசபை நிரலின் 37ஆம் விடயமாகத் தந்தது. தந்த கையாலேயே, பாராளுமன்றச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு என்றொரு தளையையும் மாட்டியது. அதே விடயம் ஒருங்கியை நிரலிலும் இடம்பெற்றது. வடமேல் மாகாணம் 1990ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க நியதிச்சட்டத்தால் தனக்கென ஒரு சூழல் ஆட்சியை அமைத்துக்கொண்டதை யாம் மறக்கவில்லை. சிங்கள மக்கள் பெரும்பான்மையாய் வாழும் அம்மாகாணம் அதனால் பிரிந்துபோய்விடவுமில்லை. ஆனால் அமெரிக்காவில் மத்திய சட்டம் மாநிலத்துக்கு இடுவது அடித்தளம். இங்கு பாராளுமன்றம் மாகாணத்துக்கு இட்டிருப்பது கூரை.

சுன்னாகத்துக் கமக்காரருக்கு இது ஏட்டுச் சுரைக்காயன்று. மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில் உயர்நீதிமன்றம் 2019இல் 2 கோடி ரூபா செலுத்துமாறு கட்டளையிட்டது. அவ்வழக்கைத் தொடுத்தவர் கிணறு கெட்ட கமக்காரர் அல்லர். பொதுநலன் கருதி வந்த சூழல் ஆர்வலர் ஒருவர். வேர்ஜீனியாவின் பழைய விதி இங்கிருந்திருப்பின் அவர் வாயிலிலேயே திருப்பியனுப்பப்பட்டிருப்பார்.

37ஆம் விடயத்தின் தளை அகற்றப்பட்டு, பாராளுமன்றம் குறைந்தபட்ச வரம்பை மாத்திரம் விதிக்க, அதற்கு மேலான விதியை மாகாணமே செய்யும் அதிகாரம் அரசியலமைப்பில் எழுதப்பட வேண்டும். அனுமதிப்பத்திரத்தை எதிர்த்து எந்தக் குடிமகனும் வழக்குத் தொடுக்கலாமென்ற வாசகமும் அதனோடு சேரவேண்டும்.