காளானைக் கிள்ளுவதா, தோண்டுவதா?

இடியும் மழையுமாக இரண்டொரு நாள் சென்றபின், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரக் காடுகளிலும், அவற்றையடுத்த தோப்புகளிலும் வரப்புகளிலும் புற்றுக் காளான் தலைகாட்டுவதைக் குடியானவர்கள் நன்கறிவர். விடியுமுன் கூடையுடன் புறப்படுவோரைத் தடுப்பது எவராலும் ஆகாத காரியம். “காட்டுக் காளானை உண்ணாதீர்” என்று பொதுப்படையாகச் சொல்லிவிடுதல் எளிது. தலைமுறை தலைமுறையாக அதன் ருசியை அறிந்த வீட்டில் அச்சொல் ஏறாது. நாம் வற்புறுத்த விரும்புவது வேறொன்று. காளானைக் கிள்ளியெடுக்கும் வழக்கத்தை விட்டு, அடிவரை தோண்டியெடுக்கும் வழக்கத்தைக் கைக்கொள்ள வேண்டும்.

இதன் காரணம் புற்றுக்குள் இருக்கிறது. கறையான் மென்ற இலை, மரத்தூள் முதலியவற்றைக் கொண்டு தேனடை போன்ற அடைகளைக் கட்டி, அவற்றின்மீது ஒருவகைப் பூசணத்தைப் பயிர் செய்கிறது. 1942-ம் வருஷத்தில் பிரெஞ்சு விஞ்ஞானி ரோஜே ஹைம் இவ்வகைக் காளான்களைத் தனி இனமாக வகுத்து டெர்மிட்டோமைசிஸ் என்று பெயரிட்டார். மழைக்காலத்தில் இப்பூசணம் மண்ணைத் துளைத்து மேலெழுவதால், காளானின் தண்டு நிலத்தினடியில் வேர்போல் நீண்டு, கீழே செல்லச் செல்ல மெலிந்து, கறையான் அடையில் போய் முடிகிறது. சாண் நீளமுள்ளதும் உண்டு, அதற்கு மேற்பட்டதும் உண்டு. குடையின் நடுவே கூரிய முனை இருப்பதும் கவனிக்கத்தக்கது.

இனி, அமானிட்டா என்னும் இனத்தைச் சேர்ந்த கொடிய விஷக் காளான்களைப் பாருங்கள். அவற்றின் தண்டடியில் உடைந்த முட்டையோடு போன்ற ஒரு பை இருக்கும். அதுவும் மண்ணுக்குள்ளேதான் மறைந்திருக்கும். ஆகவே நல்லதற்குரிய சாட்சியும் தீயதற்குரிய சாட்சியும் ஒருங்கே நிலத்தினடியில் இருக்க, மேலே கிள்ளுபவர் இரண்டையும் விட்டுவிட்டு வருகிறார். பாதையோரத்தில் அடியை அறுத்துக் கழுவிக் குவித்து விற்பதை வாங்குவதும் இத்தகையதே. நாமும் ஒரு காலத்தில் அப்படி வாங்கி உண்டவரே. இப்பொழுது மண்ணொட்டிய வேருடன் கொண்டுவந்தாலன்றி வாங்குவதில்லை.

புற்றருகே நூற்றுக்கணக்காய்ப் பரவும் சிறு காளான்களுக்கு இந்நீண்ட வேர் இராது. அவற்றைப் பழகியறிந்த பெரியவர் உடனிருந்து காட்டினாலன்றித் தொடாதிருப்பது நலம்.

புல்தரையிலும் மேய்ச்சல் நிலத்திலும் செதிள் படர்ந்த பெரிய வெள்ளைக் குடையொன்று தோன்றும். பார்வைக்கு மிக அழகியது. உண்டால் சில மணி நேரத்துக்குள் கடும் வாந்தியும் பேதியும் காணும். இளமையில் இதன் அடிமடல்கள் வெண்மையாயிருப்பதால் பலர் ஏமாறுகின்றனர். நன்கு விரிந்த குடையைத் தண்டு நீக்கி, வெள்ளைக் காகிதத்தின்மேல் கவிழ்த்து, பாத்திரத்தால் மூடி இரவு முழுதும் வைத்தால், காலையில் பச்சை நிறப் பொடி உதிர்ந்திருக்கும். புற்றுக் காளானின் பொடி வெளிறிய ரோஜா நிறமுடையது. ஆயினும் ரோஜா நிறப் பொடியை மட்டும் கொண்டு உண்ணத் துணியலாகாது. வேறு சில நச்சுக் காளான்களுக்கும் அந்நிறம் உண்டு.

வெள்ளிக் காசு கறுக்கிறதா, உடன் வேகும் பூண்டு நிறம் மாறுகிறதா, பூச்சி தின்றிருக்கிறதா என்னும் பரீட்சைகள் யாவும் வீண். அமானிட்டாவின் நஞ்சு கொதித்தாலும் உலர்த்தினாலும் அழிவதில்லை. 2022-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அஸ்ஸாமில் காட்டுக் காளானை உண்டு 13 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர்.

கிராம அதிகாரிகள் முக்கியமாக அறிய வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. காளானை உண்டு ஆறு மணி நேரத்துக்குப் பின்னரோ, மறுநாளோ வாந்திபேதி தொடங்கினால், அதைச் சாதாரண அஜீரணமென்று எண்ணிக் கஷாயம் கொடுத்துக் காத்திருக்கலாகாது. நோயாளி ஒரு நாள் தேறினவர் போல் எழுந்து நடமாடுவார். அந்த இடைவேளையில்தான் ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். அவர் எவ்வளவு மறுத்தாலும் வண்டி ஏற்பாடு செய்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புக. உடன் உண்டவர்கள் சௌக்கியமாயிருப்பினும் அவர்களையும் அனுப்புக. சமைத்த மிச்சத்தையும், குப்பையில் எறிந்த தண்டு, தோல்களையும் ஒரு காகிதப் பையில் இட்டுக் கூடவே கொடுத்தனுப்புதல் அவசியம்.