பண்டிகை வீட்டில் விடுமுறை யாருக்கு?



ஆகமன நாட்கள் தொடங்கிவிட்டன. பண்ணைக்காடு முதல் பூம்பாறை வரை, பழனி மலைத்தொடரின் கிறிஸ்தவ வீடுகளில் வண்ணத்தாளும் மூங்கில் குச்சியும் திண்ணைக்கு வந்துவிட்டன. அச்சு முறுக்கு அச்சு பரணிலிருந்து இறங்கியாயிற்று. இந்த வாரம் இவ்விரண்டையும் குறித்தே எழுத விரும்புகிறேன். காகித நட்சத்திரமும் பண்டிகைப் பலகாரமும் தியானத்துக்குரிய பொருளா என்று கேட்பவர்கள் யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தை மீண்டும் ஒருமுறை வாசிக்கட்டும். தேவ ஆவியால் நிரப்பப்பட்டவன் என்று அங்கே பெயர் சொல்லி அறிவிக்கப்படுகிறவன் ஆசாரியன் அல்லன், தீர்க்கதரிசியும் அல்லன், கைவேலைக்காரனாகிய பெசலெயேல்.

ஆகையால் கைவேலையைப் பற்றி எனக்குத் தயக்கம் இல்லை. என் கவலை வேறு. கொடைக்கானலில் டிசம்பர் கடைசி பத்து நாட்கள் யாருக்கு விடுமுறை? சமவெளியிலிருந்து காரில் ஏறி வருகிற குடும்பத்துக்கு விடுமுறை. அந்தக் குடும்பத்துக்கு அறை துடைப்பவர், வெந்நீர் கொண்டுபோய்க் கொடுப்பவர், ஏரியில் படகு தள்ளுகிறவர், ஏழு ரோட்டில் சாக்லேட் எடை போடுகிறவர், குதிரையைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுகிறவர், இரவு பதினொரு மணிக்கும் தோசைக்கல்லை அணைக்க முடியாமல் நிற்கிற சமையற்காரர், இவர்களுக்கெல்லாம் ஆண்டின் மிகக் கடினமான வேலை நாட்கள் அவையே. சென்னை உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் மலையேறும் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும் என்றாகியும், பண்டிகைக் காலத்தில் மலைப்பாதையில் வண்டிகள் ஊர்ந்துதான் போகின்றன. நம் சபைகளில் டிசம்பர் 25 காலையில் வெறுமையாகக் கிடக்கும் இருக்கைகளைப் பார்த்து, விசுவாசம் குறைந்துவிட்டது என்று பெருமூச்சு விடுகிறோம். அந்த இருக்கைக்குரியவர் பல வேளைகளில் யாருக்கோ காலை உணவு பரிமாறிக்கொண்டிருக்கிறார்.

இந்த ஊர் பிறந்த விதமே இப்படித்தான். மதுரையில் ஊழியம் செய்த அமெரிக்க மிஷனரிமார், நோயிலிருந்து தங்கள் குடும்பங்களைக் காத்துக்கொள்ளக் குளிர்ந்த இடம் தேடி மலையேறினார்கள். 1845ஆம் ஆண்டில் சன்னிசைடு, ஷெல்டன் என்னும் இரண்டு பங்களாக்கள் இங்கே எழுந்தன. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரின் துயரத்தை நாம் இலேசாக எண்ணக்கூடாது. ஆயினும் அந்தக் குடும்பங்கள் மலைக்கு வந்து சேர்ந்த பாதையையும் நினைத்துப் பாருங்கள். மோட்டார் சாலை வருமுன், பெரியகுளத்துக்கு அருகே கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து செண்பகனூர் வரைக்கும் செங்குத்தான ஒற்றையடி ஏற்றம். துரைமாரும் அவர்களது பெண்டு பிள்ளைகளும் டோலியில் ஏறினார்கள். மாவு மூட்டையும் பாத்திரப் பெட்டியும் மனிதர்களின் தலையிலும் தோளிலும் ஏறின. கூலி காட் என்றே அப்பாதைக்குப் பெயர் நின்றுவிட்டது. பங்களாக்களுக்குப் பெயர் உண்டு, அவற்றில் தங்கியவர்களுக்கும் கல்லறைக் கற்களில் பெயர் உண்டு. சுமந்தவர்கள் அந்த ஒரு சொல்லோடு போய்விட்டார்கள்.

ஓய்வுநாள் கட்டளை வேதத்தில் இரண்டு இடங்களில் வருகிறது. யாத்திராகமம் 20ல் அதற்குச் சொல்லப்படும் காரணம் சிருஷ்டிப்பு: கர்த்தர் ஏழாம் நாளில் ஓய்ந்திருந்தார். உபாகமம் 5ல் காரணம் மாறுகிறது. உன்னைப்போலவே உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும், நீயும் எகிப்தில் அடிமையாய் இருந்தாய் என்பது அங்கே மோசே தரும் நியாயம். எனக்கு இந்த இரண்டாம் வடிவமே மலைவாசிகளுக்காக எழுதப்பட்டது போலத் தோன்றுகிறது. வேலைக்காரியின் இளைப்பாறுதலைக் கணக்கில் எடுக்காத ஓய்வு, வேதத்தின்படி ஓய்வே அல்ல.

இப்போது கதவைச் சாத்திவிட்டு நம்முடைய வீட்டுக்குள் வருவோம். விடுதிக்காரரைக் குறை சொல்லுவது எளிது. நம் சமையலறையில் நடப்பது என்ன?

மலையில் சமைப்பது சமவெளியில் சமைப்பது போன்றதன்று. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது, அதற்குமேல் சூடேறாது. குக்கர் இல்லாமல் பருப்பை வேகவைக்கப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கேக் மாவில் சமவெளிக் கணக்கில் சோடா உப்பு போட்டால் அது விறுவிறுவென்று உப்பி, நடுவில் குழிந்துவிடும். (பிளம் கேக்கில் பிளம் எங்கே என்று நம் மலைப் பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்வி. பழைய ஆங்கிலத்தில் உலர்ந்த திராட்சைக்கும் அந்தப் பெயர் வழங்கியது. நம் தோட்டத்துப் பிளம் பழமோ கோடையில்தான் வரும்.) அதிரசத்துக்குப் பச்சரிசி ஊறவைத்து, நிழலில் ஈரம் போகாமல் உலர்த்தி, இடித்து, வெல்லப்பாகில் கிளறி வைத்தால் கீழே இரண்டு மூன்று நாளில் பதப்பட்டுவிடும். டிசம்பர் குளிரில் இங்கே அதற்கு மேலும் நாள் பிடிக்கும். முறுக்கு, கலகலா, அச்சு முறுக்கு எல்லாம் அதற்குப் பிறகு. இவ்வளவையும் செய்கிறவர் எத்தனை பேர்? பெரும்பாலான வீடுகளில் ஒரே ஒருவர். அவரே பகலில் விடுதியிலோ பூண்டுத் தோட்டத்திலோ வேலை முடித்து வந்தவராகவும் இருப்பார்.

அதே வேளையில் திண்ணையில் நட்சத்திர வேலை நடக்கிறது. தகப்பனும் பையன்களும் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். நல்ல காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நட்சத்திரம் வாசலில் ஒரு மாதம் தொங்கித் தெருவின் பாராட்டைப் பெறுகிறது. அடுப்படியில் நான்கு இரவு விழித்துச் செய்த பலகாரம் அரை நாளில் தட்டுகளில் ஏறி அண்டை வீடுகளுக்குப் போய்விடுகிறது. செய்தவர் கையில் எண்ணெய் தெறித்த தழும்புதான் மிச்சம். பசைக்கு மைதா காய்ச்சித் தரும்படி திண்ணையிலிருந்து அவருக்கே குரல் போவதும் உண்டு.

மார்த்தாளைக் கடிந்துகொள்ளாத பிரசங்கம் அரிது. லூக்கா 10ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். அவளுடைய முறையீடு சமையலைப் பற்றியது அன்று, தனியே விடப்பட்டதைப் பற்றியது. ஆண்டவர் அவளுடைய கலக்கத்தைத்தான் சுட்டிக்காட்டினார். சாப்பாடு வேண்டாம் என்று அவர் சொன்னதாக லூக்கா எழுதவில்லை. யோவான் 12ல் மீண்டும் பெத்தானியாவில் விருந்து. அங்கும் மார்த்தாளே பணிவிடை செய்கிறாள். மரணத்திலிருந்து எழுப்பப்பட்ட அவள் சகோதரன் லாசரு பந்தியில் அமர்ந்திருக்கிறான். கல்லறையிலிருந்தே எழுந்துவர முடிந்தவன் பந்தியிலிருந்து எழுந்து ஒரு பாத்திரத்தைக் கழுவியிருக்கலாம் என்று எண்ணுகிறேன். நான் சற்று வேடிக்கையாகச் சொன்னாலும், நம் வீட்டு லாசருக்கள் இதை யோசிப்பது நல்லது.

யோவான் 21ஆம் அதிகாரத்தில் வேறொரு சமையல் இருக்கிறது. இரவு முழுவதும் வலை வீசிக் களைத்த சீஷர்கள் விடியற்காலையில் கரைக்கு வருகிறார்கள். அங்கே கரிநெருப்பு மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தமாக வைத்து, சாப்பிட வரும்படி அழைக்கிறவர் உயிர்த்தெழுந்த கர்த்தர். இரவுப் பணி முடிந்து வீடு திரும்புகிறவர்களுக்கு, ஓய்வாக இருக்கிறவர் சமைத்து வைப்பது தேவகுமாரனே செய்த வேலை. ஆண்மகனுக்கு அடுப்படி தகாது என்று இன்னும் பேசுகிறவர்கள் அந்தக் கடற்கரையைக் கடந்துதான் அப்படிப் பேச வேண்டும்.

காகித நட்சத்திரத்துக்கும் ஒரு கதை உண்டு. ஜெர்மனியின் நீஸ்கி என்னும் ஊரில், மொரேவிய சகோதர சபையார் நடத்திய விடுதிப் பள்ளியில், 1830களில் வடிவியல் பாடத்தின் பயிற்சியாகப் பல முனைகள் கொண்ட தாள் நட்சத்திரம் செய்யப்பட்டது. பிற்பாடு ஹெர்ன்ஹூட் நட்சத்திரம் என்று அது உலகெங்கும் புகழ்பெற்றது. தூர தேசங்களில் ஊழியத்துக்குப் போன பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் அத்தகைய விடுதிகளில் வளர்ந்தார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளின் கையில்தான் அது முதலில் வடிவம் பெற்றது. மிஷனரிப் பிள்ளைகளுக்கென்று 1901ல் கொடைக்கானலில் தொடங்கிய பள்ளியிலும் பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் இருந்தார்கள். இன்றைக்கு இம்மலையில் பண்டிகை இரவில் தாயும் தகப்பனும் வேலைக்குப் போய்விட, பாட்டியோடு உட்கார்ந்து தாள் வெட்டுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்கள் வெட்டுவதை அலங்காரம் என்று மட்டும் என்னால் பார்க்க இயலவில்லை.

தாளையும் நாம் மலிவாக எண்ண வேண்டாம். 1715ல் தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியபோது, தாள் பற்றாக்குறையால் எழுத்துகளைச் சிறிதாக வார்த்தார்கள். பொறையாற்றில் காகிதப் பட்டறையும் வைத்தார்கள். அவ்விடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்று பெயர் விளங்குகிறது. அந்த மரபில் வந்த நாம், ஒரே பண்டிகையில் கிழிந்துபோகும் பிளாஸ்டிக் நட்சத்திரத்தை வாங்கி, ஜனவரியில் பள்ளத்தாக்கில் வீசுவது தகுமா? ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றைத் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடைசெய்தது. தோரணமும் மினுக்குச் சரமும் அந்தப் பட்டியலில் இல்லாமற்போகலாம், காட்டுமாட்டின் வயிற்றுக்கு அந்த வேறுபாடு தெரியாது. குடிலுக்காகச் சோலை மரங்களின் பாசியைச் சுரண்டி வருவதையும் விட்டுவிடுங்கள். பழைய நாட்காட்டித் தாளும் நோட்டுப்புத்தக அட்டையும் போதும். பழுப்புத் தாளைக் கசக்கிக் கரி பூசினால் பாறை வந்துவிடும்.

என் கருத்து இதுதான். இம்மலையில் பண்டிகைக் காலத்தில் வேலைக்குப் போகிற குடும்பங்கள், வீட்டுக் கொண்டாட்டத்தை ஜனவரி 6ஆம் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். சாஸ்திரிகள் ஆண்டவரைக் கண்டதைத் திருச்சபை நினைக்கும் நாள் அது. நட்சத்திரம் உண்மையில் அந்த நாளுக்கே உரியது. மத்தேயு 2ஆம் அதிகாரத்தில் அவர்கள் நுழைந்தது மாட்டுத்தொழுவத்துக்குள் அன்று, ஒரு வீட்டுக்குள். பிள்ளையைத் தாயோடே கண்டார்கள். நமக்கும் அது வசதியான நாள். புத்தாண்டுக் கூட்டம் இறங்கியிருக்கும், பொங்கல் விடுமுறைக் கூட்டம் ஏறியிராது. 25ஆம் தேதி ஆராதனையை விடச் சொல்லவில்லை. நாலரை மணி ஆராதனைக்கு வந்துவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்களை நான் அறிவேன், அவர்களுக்காகத் தேவனைத் துதிக்கிறேன். பலகாரமும் பந்தியும் மட்டும், எல்லாரும் வீட்டில் இருக்கும் மாலைக்குத் தள்ளிப்போகட்டும்.

ஊரார் எல்லாம் கொண்டாடும்போது நம் பிள்ளைகள் ஏங்கிப்போவார்களே என்று ஒரு தாய் கேட்கக்கூடும். அந்த ஏக்கம் உண்மையானது, அதை வசனம் சொல்லி மூடிவிட முடியாது. 25ஆம் தேதிக்குப் புது உடையும் சிறிது இனிப்பும் இருக்கட்டும். பிறப்பின் பண்டிகையையே ஜனவரி 6ல் ஆசரிக்கும் ஆர்மேனியத் திருச்சபையாரைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சென்னையில் அவர்கள் கட்டிய ஆலயம் இன்றும் நிற்கிறது. தகப்பன் வீட்டில் இல்லாத 25ஆம் தேதியை விட, அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முறுக்குப் பிழிகிற 6ஆம் தேதியையே பிள்ளைகள் விரும்புவார்கள் என்று நம்புகிறேன்.

விடுதியும் ஹோம்ஸ்டேயும் நடத்துகிற விசுவாசிகளே, பணியாளர்களுக்கு 24, 25 ஆகிய இரண்டில் ஒரு நாளாவது முறைவைத்து விடுமுறை கொடுங்கள். சமவெளியிலிருந்து வருகிற பிரியமானவர்களே, உங்களுக்குச் சமைத்தவரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரவு ஒன்பதுக்குமேல் அவரை அடுப்பருகே நிறுத்தாதீர்கள்.

இனி ஆயத்தம். அதிரச மாவை டிசம்பர் 31 அன்றே கிளறி வைத்துவிட்டால் 6ஆம் தேதிக்குச் சரியாக இருக்கும். இடிப்பதும் கிளறுவதும் கைவலு கேட்கும் வேலைகள், வீட்டு இளைஞர்கள் ஏற்றுக்கொள்ளட்டும். நட்சத்திரத்துக்கு ஒரே நீளத்தில் பத்து மூங்கில் குச்சிகள் வேண்டும். ஐந்தைந்தாகக் கட்டி இரண்டு நட்சத்திரங்கள் செய்து, முனைகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி, நடுவில் ஐந்து சிறு குச்சிகளை முட்டுக் கொடுத்தால் உள்ளே விளக்கு வைக்க இடம் கிடைக்கும். மெழுகுவர்த்தி வேண்டாம், சிறிய எல்.ஈ.டி. விளக்கே போதும். தாள் ஒட்டுவதை வெயில் இருக்கும் முற்பகலிலேயே முடித்துவிடுங்கள். பிற்பகலில் மூடுபனி இறங்கினால் பசை காயாது, தாள் தொய்ந்துவிடும். பசையை அன்றன்று காய்ச்சிக்கொள்ளுங்கள். அதைக் காய்ச்சுவதும் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களின் வேலை.